நெஞ்சு ஸ்கேன் பாக்க கையடக்க ப்ரோப் - சில வருஷ அனுபவம்

தண்டையார்பேட்டை பக்கம் சின்ன கிளினிக் வெச்சிருக்கேன். போன்ல மாட்டற அல்ட்ராசவுண்ட் ப்ரோப் (உடம்பு மேல வெச்சு ஸ்கேன் பாக்கற கருவி) வாங்கி சில வருஷம் ஆச்சு, வாங்கலாமானு தெரிஞ்ச டாக்டர்ங்க கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதறேன். வயித்துக்குனு வாங்கினது, இப்போ முக்கால்வாசி நெஞ்சுலதான் ஓடுது.

காத்து இருக்கற இடத்துல அல்ட்ராசவுண்ட் ஊடுருவாது, அதனால நுரையீரலுக்கு வேஸ்ட்னுதான் ரொம்ப காலம் நெனச்சிட்டிருந்தாங்க. பிரான்ஸ்ல லிஷ்டென்ஸ்டைன்னு ஒரு ஐசியூ டாக்டர், அந்த காத்தால வர்ற பொய்க் கோடுங்கள வெச்சே நோய சொல்லலாம்னு 2008ல ப்ளூ ப்ரோட்டோகால்னு ஒரு வழிமுறை போட்டாரு. ப்ளூரா, அதாவது நுரையீரல் மேல இருக்கற உறை, வழுக்கி ஓடி, கீழ படுத்த மாதிரி ஏ லைன்ங்கற கோடுங்க வந்தா அந்த இடத்துல காத்து சரியா இருக்கு. ப்ளூராலேருந்து ஸ்க்ரீன் அடி வரைக்கும் டார்ச் அடிச்ச மாதிரி பி லைன்ங்கற கோடுங்க ஒரே விலா இடுக்குல மூணுக்கு கொறையாம வந்தா நுரையீரலுக்குள்ள நீர் ஏறியிருக்கானு சந்தேகப்படணும்.

காசிமேட்டுப் பெரியவர் ஒருத்தர், ராத்திரியானா இழுப்பு, அங்கங்க நெபுலைசர் வெச்சு அனுப்பிட்டே இருந்திருக்காங்க. ஜெல் தடவினதும் அந்த மூச்சு வாங்கலிலயும் "இன்னா டாக்டரே, புள்ளத்தாச்சிக்கு வெக்கிறத என் நெஞ்சுல வெக்கிற"ன்னாரு. ரெண்டு பக்கமும் பி லைன் கொட்டுது, காலும் வீக்கம், இது ஆஸ்துமா கெடையாது, ஹார்ட் பிரச்சனைனு நீர் எறக்கற லேசிக்ஸ் மருந்து போட்டு 108ல ஸ்டான்லிக்கு அனுப்பினேன். ஸ்டெத்துல ரெண்டும் ஒரே இழுப்பாதான் கேக்கும்.

நெஞ்சுல நுரையீரலுக்கு வெளிய நீர் கோத்திருந்தா இத அடிச்சிக்க ஆளில்ல. நிக்க வெச்சு எடுக்கற எக்ஸ்ரேல தெரியவே 200 மில்லி கிட்ட வேணும், இதுல அதவிட கொஞ்சம் இருந்தாலே கருப்பா தெரிஞ்சிடும். அந்த நீர எடுக்க ஊசி போடறதுக்கு முன்னாடி டயாஃப்ரம் (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கற தசை) எங்க ஏறி எறங்குதுனு பாத்துக்கலாம், ஈரல்ல குத்தற பயம் கொறையும்.

ஆனா டிபிக்கு இத மட்டும் நம்பாதீங்க. ப்ளூராவ தொடாம உள்ளுக்குள்ள இருக்கற குழியோ கட்டியோ எதுவுமே காட்டாது, எக்ஸ்ரேயும் சளி டெஸ்ட்டும் வேணும்தான். பழைய ஃபைப்ரோசிஸ்லயும் (நுரையீரல் தழும்பா இறுகிப் போறது) பி லைன் வரும், அதனால நோயாளியோட கதைய கேக்காம படத்த மட்டும் பாக்கறது டேஞ்சர்.

கடுப்பு என்னன்னா ப்ரோப் சூடாகறது. மே மாசம் கரண்ட் போச்சுனா நடுவுலயே ஆஃப் ஆயிடுது, போன்ல ஓடற ஆப்-க்கு வருஷா வருஷம் காசு வேற. இன்னொன்னு, பாக்கெட்ல போடற சைஸ்தானேனு வீட்டு விசிட்டுக்கு எடுத்துட்டு போயிடாதீங்க, பிசிபிஎன்டிடி சட்டத்துல (கருவுல ஆணா பொண்ணானு பாக்கறத தடுக்கற சட்டம்) இதுவும் ஸ்கேன் மெஷின்தான், ரிஜிஸ்டர் பண்ண இடத்தோட சரி. ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாதவங்களுக்கு விக்கறதே தப்பு, அத முடிச்சிட்டு அப்புறமா வெல பேசுங்க.