புத்தகமா, சந்தாவா? சுங்கை சிப்புட் மேசைக்கு எது தோது

பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், சில ஆண்டுகளாகவே அச்சை விட்டு இணையத்தின் பக்கம் சாய்ந்து வருகிறது. 2022இல் அதன் தாய் நிறுவனமான ஹாஸ்புரோ, அந்த ஆட்டத்தின் நூல்களை இணையத்தில் விற்கும் டி அண்ட் டி பியோண்ட் தளத்தை 14 கோடியே 63 லட்சம் டாலருக்கு வாங்கியபோதே போக்கு தெரிந்துவிட்டது. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் வார இறுதியில் பகடையோடு கூடும் நம் பிள்ளைகளுக்கு இன்று மூன்று வழிகள் உண்டு: அச்சுப் புத்தகம், பியோண்ட் கணக்கு, போட்டி நிறுவனமான பைசோவின் இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டர்.

புத்தகத்தின் குறை அதன் விலைதான். 2024 ஆட்டக்காரர் கையேடு 49.99 டாலர், ரிங்கிட்டில் ஏறக்குறைய 200. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் உள்ள நாட்டில், செம்பனை வேலையை நம்பிய குடும்பத்துக்கு அது பெரிய தொகை. ஐந்து பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 40 ரிங்கிட் ஆகும். 384 பக்கமும் லைன் கிடைக்காத இடத்திலும் திறக்கும்.

பியோண்ட்டின் வசதிகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். முதன்முறை ஆட வரும் தம்பி தங்கச்சிகள் கூட்டல் கழித்தலில் திணறாமல் தங்கள் பாத்திரத்தை அமைத்துவிடலாம். ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் அங்கிருந்தபடியே தங்கள் பாத்திரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் மாதம் 5.99 டாலர் சந்தா கட்டினால், அவர் வாங்கிய நூல்களை மேசையில் உள்ள மற்றவர்களும் படிக்கலாம். தூரத்தில் இருப்பவர்களோடு ஆடும் பல ரசிகர்கள் இந்தத் தளத்தை மனதாரப் பாராட்டுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அங்கே வாங்கியது யாருடையது? 2024 ஆகஸ்டில் நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது: 2014 பதிப்பின் மந்திரங்களும் மந்திரப் பொருள்களும் பாத்திரத்தின் விவரம் இருக்கும் தாள்களில் 2024 பதிப்பின் வடிவத்துக்கு மாறிவிடும், பழையதை விரும்புவோர் தாங்களே தட்டச்சு செய்து சேர்த்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாள்களிலேயே நிறுவனம் பின்வாங்கியது. அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. ஒரு நூலில் தேவையான பகுதியை மட்டும் ஓரிரு டாலருக்கு வாங்கும் வசதியை எடுத்துவிட்டார்கள். நம்மைப் போல் எண்ணிச் செலவு செய்கிறவர்களுக்கு அதுதான் பெரிய அடி.

இந்தக் கோபம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புரியாததல்ல. தலைமுறையாய்க் குடியிருந்த லயம், தோட்டம் கைமாறியதும் நம்முடையதில்லை என்றானதை நம் பாட்டன்மார் பார்த்தார்கள். அதனால்தான் இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்க வழிசெய்தார். சந்தாவைவிடச் சொந்தம் மேல் என்று நான் அழுத்திச் சொல்வதும் அதே காரணத்தால்தான்.

பாத்ஃபைண்டர் விதிகளை ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். பிடிஎஃப் வாங்கினால் கோப்பு உங்கள் கைப்பேசியிலேயே தங்கும். 2023 ஜனவரியில் மற்றவர்களும் தன் விதிகளை வைத்து நூல் வெளியிட இடம் தந்த திறந்த உரிமத்தை விசார்ட்ஸ் முடக்கப் பார்த்தபோது, பலர் பியோண்ட் சந்தாவை ரத்து செய்துவிட்டுப் பாத்ஃபைண்டருக்கு மாறினார்கள். ஆனால் அதன் விதிகள் அடர்த்தியானவை. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் உள்ள மேசைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அந்த 2023 போராட்டம் நமக்கும் ஒன்றைப் பெற்றுத் தந்தது. எதிர்ப்பு தாங்காமல், ஏறத்தாழ 400 பக்க அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விசார்ட்ஸ் விட்டது. அதை இனி திரும்பப் பெற முடியாது. 2025 ஏப்ரலில் புதிய பதிப்பின் அடிப்படை விதிகளும் அதே உரிமத்தில் வந்தன. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். தமிழில் பெயர்க்கலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம்.

ஆகவே சுங்கை சிப்புட்டுக்கு நான் சொல்வது இது. பங்கு போட்டு ஒரு புத்தகம் வாங்குங்கள். பாத்திரம் அமைக்க பியோண்ட்டின் இலவசக் கணக்கு போதும், சந்தாவில் காசைக் கொட்டவேண்டாம். மிஞ்சும் பணத்தில் அந்தத் திறந்த விதிகளைத் தமிழாக்கி நகலெடுங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் முதல் ஆட்டத்துக்கு, பாத்திரம் அமைக்கும் பகுதியும் முதல் நிலை மந்திரங்களும் இருந்தாலே போதும்.