மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு வீரனின் முன்

கிரேக்கப் புராணம் சொல்லும் ட்ராய் போரில், அந்நகரின் மண்ணில் முதலில் காலூன்றும் கிரேக்கன் மடிவான் என்ற வாக்கு நிலவியபோதும், கிரேக்கத்தின் தெசலிப் பகுதியிலுள்ள ஃபிலாக்கே நகரிலிருந்து 40 கப்பல்களுடன் வந்த புரோட்டெசிலாஸ் எல்லோருக்கும் முன்பாகக் கரையில் குதித்து உயிர்விட்டான். அவனுடையது என்று நெடுங்காலம் கருதப்பட்ட பளிங்குச் சிலை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரேக்க, ரோமானியக் கலைக்கூடங்களுக்குச் செல்பவர்கள் அதை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. வலது அக்குளில் செதுக்கப்பட்டிருக்கும் காயம் கவனத்துக்கு வந்தபின், அவன் கப்பலிலிருந்து இறங்குகிறானா, அடிபட்டுச் சாய்கிறானா என்று அறிஞர்களுக்கு எழுந்த ஐயம், சிலையைச் சுற்றி வரும்போது நமக்கும் எழுகிறது. கன்னம் கிழித்து அழுத மனைவியையும் பாதி கட்டிய வீட்டையும் விட்டுச் சென்றவன் என்று ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியம் அவனைப் பற்றிக் கூறும் சில வரிகளை முன்பே வாசித்துவிட்டுச் செல்வது நல்லது.