மீட்டர் நடுவில் இருக்கும் கார்: மகளுக்காக வாங்கிய 2017 எட்டியோஸ் லிவா

மகளுக்கு 17 நடந்துகொண்டிருந்தபோதே எங்கள் பெங்களூரு அல்சூர் தெருவில் ஒருவர், "ஓட்டிப் பழகட்டுமே, இங்க யாரு பிடிக்கப் போறா" என்று தன் பழைய காரின் சாவியை நீட்டினார். நல்ல மனுஷன்தான், ஆனால் சட்டம் தெரியாதவர். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றத்தில் மாட்டினால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது. சாவியை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

போன வருடம் 18 முடிந்தது. எல்.எல்.ஆர். எடுத்து, ஓட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கிவிட்டாள். கல்லூரி பன்னேர்கட்டா ரோட்டில். முதலில் கேட்டது ஸ்கூட்டர். இந்த ஊர்க் குழிகளை 41 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து பார்க்கிறவள் நான். இரண்டு சக்கரம் வேண்டவே வேண்டாம் என்றேன். "அப்போ கார் வாங்கிக் குடு" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

கையில் இருந்தது 4 லட்சம். எங்கள் வீட்டுக்காரருக்கு வண்டி என்றால் ரயில் மட்டும்தான், அதனால் தேடும் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. நானும் எல்லாரையும் போல வருடத்தைப் பார்த்துத்தான் தொடங்கினேன். நாலு வருடத்து வண்டி என்றால் நல்ல வண்டி, எட்டு வருடத்து வண்டி என்றால் கிழம் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு உடைந்தது மோதல் சோதனைப் படங்களைப் பார்த்தபோது. 2014 தொடக்கத்தில் குளோபல் என்கேப் அமைப்பு நம் நாட்டுச் சின்ன கார்கள் ஐந்தை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. ஏர்பேக் இல்லாத ஐந்துக்கும் பூஜ்யம். அந்த ஐந்தில் ஒன்றான ஃபோக்ஸ்வாகன் போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்து மோதியபோது ஐந்துக்கு 4 நட்சத்திரம். ஏர்பேக் இல்லாமல் மோதியபோதும் சில வண்டிகளின் கூடு, அதாவது ஆட்கள் உட்காரும் பகுதியைச் சுற்றியுள்ள உடற்சட்டம், நசுங்காமல் நின்றது, சில சுருண்டு போயின. கூடே மடங்கினால் பலூன் விரிந்து என்ன பயன்?

அதற்கப்புறம் என் கேள்விகள் மாறின. இரண்டு ஏர்பேக் உண்டா? அழுத்திப் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். உண்டா? அந்த மாடலின் கூடு எப்படி? ஓட்டுநருக்கான ஏர்பேக் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான், பக்கத்து சீட்டுக்கு 2022 ஜனவரியில்தான். ஆகவே 2017 வண்டியில் இரண்டும் இருந்தால் அது அந்த வேரியண்ட்டின் புண்ணியம். ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், மாடல் பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரே பெயரில் மலிவான வேரியண்ட் ஒன்று ஏர்பேக் இல்லாத வெறும் ஸ்டியரிங்கோடு நிற்கும்.

டொயோட்டா எட்டியோஸும் அதன் ஹேட்ச்பேக்கான லிவாவும் 2016 சோதனையில் பெரியவர்களுக்கு 4, குழந்தைகளுக்கு 2 நட்சத்திரம் வாங்கியிருந்தன. நம் பிடதியில் செய்த வண்டி. 2020-இல் நிறுத்திவிட்டார்கள். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த 4 நட்சத்திரம் அந்தக் காலத்து 4. 2022-இல் சோதனை விதிகள் இறுகிவிட்டன, இன்றைக்கு 4 வாங்கும் வண்டியோடு இதை ஒப்பிட முடியாது. வழுக்கும்போது வண்டியைத் தானே நேராக்கும் இ.எஸ்.சி. இதில் இல்லை. 4 லட்சத்துக்குள் அதைத் தேடிப் பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை.

வாங்கிய கதைக்கு முன்னால், வாங்காத இரண்டு வண்டிகளின் கதை.

முதலாவது சிவப்பு, பளபளப்பு, ஒரு டீலர் கொட்டகையில். மகள் பார்த்ததும் உருகிவிட்டாள். கூட வந்த மெக்கானிக் தம்பி கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன், அதிகம் பேசமாட்டான். சாவியைத் திருப்பி இக்னிஷனில் நிறுத்தி டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சினைக் கிளப்பவில்லை. "என்னப்பா?" என்றேன். "ஏர்பேக் லைட்டு வரணும்க்கா. சில செகண்ட் எரிஞ்சு அணையணும். இதுல வரவே இல்ல." பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். ஏர்பேக் ஒருமுறை வெடித்து, புதிது போட காசு செலவழிக்காமல் மூடிவைத்த வண்டியாக இருக்கலாம் என்றான். டீலர் "ஃபியூஸ் பிரச்சினை மேடம், சரி பண்ணித் தர்றோம்" என்றார். நாங்கள் ஆட்டோ பிடித்தோம். மகள் வீடு வரும் வரை பேசவில்லை.

இரண்டாவது வண்டி சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம். விலை சந்தேகப்படும்படி குறைவு. தம்பி சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவினான். பாதிக்கு மேல் காவிநிறக் கறை, நேர்க்கோடாக. 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு ஓரம் பேஸ்மென்ட்டுகளில் கார்கள் மூழ்கிக் கிடந்தது இந்த ஊரில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கார்ப்பெட்டைத் துவைக்கலாம், பெல்ட்டின் உள்சுருளை யாரும் துவைப்பதில்லை. சீட்டுக்கு அடியில் கம்பிகளிலும் துரு.

என் பங்குக்கு நான் எடுத்துப்போனது ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த பழனி முருகன். மெல்லிய காந்தம், கைக்குட்டையில் சுற்றி ஒவ்வொரு கதவிலும் வைத்துப் பார்ப்பேன். தகடு என்றால் ஒட்டும், டிங்கரிங் செய்து கனமாகப் பட்டி வைத்த இடத்தில் வழுக்கி விழும். பம்பர் பிளாஸ்டிக், அங்கே ஒட்டாது, அதைக் கண்டு பதற வேண்டாம். முதலில் சிரித்த தம்பி, மூன்றாவது வண்டியில் "முருகன குடுங்கக்கா" என்று தானே கேட்டான்.

லிவா கிடைத்தது ராஜாஜிநகரில், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவரிடம். 1.2 பெட்ரோல், வெள்ளை, 46,000 கிலோமீட்டர், ஒரே ஓனர். எட்டியோஸ் குடும்பத்தில் பெரிய பயம் டாக்சி. இந்த ஊரில் மஞ்சள் போர்டு டாக்சியாக லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவிட்டு, சொந்த வண்டிக்கான வெள்ளை போர்டுக்கு மாறி, மீட்டரில் கிலோமீட்டரையும் குறைத்துக்கொண்டு சந்தைக்கு வருவது உண்டு. அதனால் பிரேக் பெடல் ரப்பரையும் ஓட்டுநர் சீட்டின் ஓரத்தையும் ஸ்டியரிங் தோலையும் பார்த்தோம். 46,000 ஓடிய வண்டியில் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று இருக்கக் கூடாது. பெரியவர் சர்வீஸ் பில்களை ஃபைலில் தேதிவாரியாக வைத்திருந்தார். பானெட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட காயம் இல்லை. கண்ணாடிகள் எல்லாவற்றிலும் ஒரே வருடக் குறி, எதையும் கழற்றி மாற்றவில்லை என்று பொருள். முருகன் நாலு கதவிலும் ஒட்டினார்.

டயர்தான் இடித்தது. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இங்கே 0917, அதாவது 2017-இன் ஒன்பதாவது வாரம். மேல் வெட்டுகள் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டுப் போயிருந்தது, மழையில் பிடிக்காது. அதைக் காட்டி 4,10,000 கேட்டவரிடம் 3,80,000-க்கு முடித்தோம். புது டயர் நாலுக்கு 19,000 சொச்சம், ஜே.சி. ரோட்டில் ரிவர்ஸ் கேமரா ஒன்று. பட்ஜெட் காலி.

இனி ஓட்டம். நான்கு மாதமாகிறது. கிளட்ச் லேசு, அல்சூர் ஏரி ஓரத்து நெரிசலில் கால் வலிக்கவில்லை. 80 குதிரைத்திறன், வீராப்புக் காட்டாது, ஹெப்பால் மேம்பாலத்தில் ஏறத் திணறவும் இல்லை. 18 வயதுக்கு இந்த அளவு போதும் என்பது என் கட்சி, அவள் கட்சி வேறு. ஊருக்குள் லிட்டருக்கு 13, 14 தருகிறது. உள்ளே பிளாஸ்டிக் எல்லாம் கெட்டியான சாதாச் சாமான், அழகு பார்த்து வாங்குபவர்களுக்கு இது ஆகாது.

எனக்கு மிகப் பிடித்ததுதான் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காதது. இந்த வண்டியில் ஸ்பீடாமீட்டர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இல்லை, டேஷ்போர்டின் நடுவில் இருக்கிறது. ஓட்டுபவர் கண்ணைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்ப வேண்டும், ஒரு வாரம் உறுத்தும், அப்புறம் பழகிவிடும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்த அம்மாவுக்கோ முள் முழுசாகத் தெரியும். முதல் ஞாயிறு ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் 70-ஐத் தாண்டியதும் நான் தொண்டையைச் செருமினேன். "இதுக்குத்தான் இந்தக் கார வாங்கினியாம்மா?" என்றாள். வாங்கும்போது அதை நான் யோசிக்கவே இல்லை, சத்தியமாக.

காகித வேலையில் நேரம் போனது ஒரே இடத்தில்தான். பெரியவர் கடனை எப்போதோ அடைத்துவிட்டார், ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. வங்கிக் கடிதமும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வந்த பிறகே, பெயர் மாற்றும் 29, 30 படிவங்களோடு கஸ்தூரி நகர் ஆர்.டி.ஓ.வுக்குப் போனோம். போக்குவரத்துப் போலீஸ் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டதில் சிக்னல் தாண்டிய பழைய அபராதம் இரண்டு வந்தது. பெரியவர் வெட்கப்பட்டுக்கொண்டே கட்டினார். இன்சூரன்ஸ் பெயர் மாற்ற 14 நாள்தான், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கீழ்வீட்டு அக்கா இப்போது மகனுக்கு வண்டி பார்க்கிறார்கள். பழனி முருகன் மூன்று வாரமாக அவர்கள் கைப்பையில்தான் இருக்கிறார்.