சேவை நிறுவனமா, தயாரிப்பு நிறுவனமா, ஸ்டார்ட்அப்பா: வேலையில் நிறைவு எங்கே?

மென்பொருள் துறையில் வேலை மாற நினைப்பவர்கள் முதலில் ஒப்பிடுவது சம்பளத்தைத்தான். ஆனால் பொறியாளர்களையும் கணக்காளர்களையும் ஆராய்ந்து 1959-இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் முன்வைத்த கருத்து இன்றும் கவனிக்கத் தக்கது: சம்பளமும் பணிச்சூழலும் மோசமானால் மனக்குறை எழும், அவை சீரானதாலேயே நிறைவு வந்துவிடாது. நிறைவைத் தருபவை செய்யும் வேலையும், அதில் எட்டும் சாதனையும், அதற்குக் கிடைக்கும் அங்கீகாரமும்.

பிற நிறுவனங்களுக்காக மென்பொருள் எழுதித் தரும் சேவை நிறுவனத்தின் வருமானம் பெரும்பாலும் ஊழியர்களின் மணிக்கணக்கில் நிற்கிறது. பணிச்சூழலின் பல குறைகளுக்கு வேர் இதுதான். இரண்டு நாள் வேலையை ஒருவர் ஒரே நாளில் முடித்தால் கிளையன்டுக்குப் பில் போடும் மணி குறைகிறதே தவிர, அவருடைய திறமைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. நிலையான விலைக்கு எடுத்த ப்ராஜெக்டில் நிலைமை தலைகீழாகிறது: மதிப்பீடு தவறினால் வரும் நஷ்டத்தை, டைம்ஷீட்டில் ஏறாத இரவு நேர வேலையாக ஊழியர்களே சுமக்கிறார்கள். அதைப் ‘பொறுப்புணர்வு’ என்று பாராட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ப்ராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்கும்வரை ‘பெஞ்சில்’ காத்திருப்பவருக்கோ வேலை இல்லாததே பெரும் அழுத்தம். எழுதிய நிரல் யாருக்கு எப்படிப் பயன்பட்டது என்பதும் பலருக்குத் தெரிய வருவதில்லை. எனினும் புதிதாக வருபவருக்கு முறையான பயிற்சியும், வங்கி, காப்பீடு, மருத்துவம் எனப் பல துறைகளைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பும் இங்கேதான் எளிதாகக் கிடைக்கின்றன.

தன் சொந்த மென்பொருளை உருவாக்கி நடத்தும் தயாரிப்பு நிறுவனத்தில், எழுதியதன் விளைவை எழுதியவரே ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார். ஹெர்ஸ்பெர்க் சொன்ன நிறைவுக்கு இதைவிட நெருக்கமான ஏற்பாடு இந்தத் துறையில் இல்லை என்பது என் கருத்து. அதற்கான விலை, எந்த நேரத்திலும் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டிய ஆன்-கால் முறை. நள்ளிரவில் சர்வர் விழுந்தால் எழுப்பப்படுபவரும் அவர்தான். கூகுளின் சேவைகள் தடையின்றி இயங்கப் பொறுப்பான எஸ்ஆர்இ குழுக்கள் இத்தகைய இயக்கப் பணிகளைப் பொறியாளரின் நேரத்தில் 50 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று வரம்பு வைத்ததற்குக் காரணம், அது மீறினால் சிக்கலின் வேரைச் சரிசெய்ய யாருக்கும் நேரம் மிஞ்சாது என்பதே. வேலைப் பாதுகாப்பும் இங்கே உறுதியில்லை: 2023 ஜனவரியில் மட்டும் கூகுள் ஏறத்தாழ 12,000 பேரையும் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைக்கப்போவதாக அறிவித்தன.

ஸ்டார்ட்அப்பில் சுதந்திரம் அதிகம், ஆட்கள் குறைவு. ஒருவர் விடுப்பு எடுத்தாலே வேலை தடுமாறும். நிறுவனப் பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையான ஸ்டாக் ஆப்ஷனைச் சம்பளமாக எண்ணுவது ஆபத்து. நான்கு ஆண்டுகளில் படிப்படியாகக் கைக்கு வரும் வழக்கமான ஒப்பந்தத்தில், முதல் ஆண்டு நிறைவதற்குள் விலகினால் ஒன்றும் கிடைக்காது. நிறுவனம் விற்கப்படாமலோ பங்குச்சந்தைக்கு வராமலோ போனால், கிடைத்த பங்கையும் பணமாக்குவது கடினம்.

முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குச் சேவை நிறுவனத்தையும், அதன் பிறகு தயாரிப்பு நிறுவனத்தையும் நான் பரிந்துரைப்பேன். ஆனால் ஒரே நிறுவனத்துக்குள்ளும் குழுவுக்குக் குழு நிலைமை மாறும் என்பதால், மனிதவளத் துறையினரிடம் அல்லாமல், சேரப்போகும் குழுவில் உள்ள ஒருவரிடமே கடந்த மாதம் எத்தனை இரவுகள் ஆன்-கால் அழைப்பு வந்தது, மறுநாள் ஓய்வு கொடுத்தார்களா என்று கேட்டறிந்த பிறகே ஒப்புதல் சொல்ல வேண்டும்.