விலா எலும்புக் குருத்தா, மெட்போரா?
பிறவியிலேயே காது மடல் வளராத குழந்தைக்குப் புதுக் காது அமைக்க முக்கியமாக இரண்டு வழி. குழந்தையின் விலா எலும்புக் குருத்தை (வளையக்கூடிய குருத்தெலும்பை) எடுத்துக் காது வடிவில் செதுக்குவது ஒன்று. அதில் நகாட்டா என்ற ஜப்பானிய மருத்துவரின் முறை என்றால் 10 வயது, மார்புச் சுற்றளவு 60 செ.மீ. ஆகும்வரை காத்திருந்து, அப்புறம் இரண்டு ஆபரேஷன், நெஞ்சில் தழும்பு, கொஞ்ச நாள் சிரித்தாலே வலிக்கும். இன்னொன்று, மெட்போர் என்ற காது வடிவ பிளாஸ்டிக் சட்டம்; அதை 3 வயதிலேயே, பெரும்பாலும் ஒரே ஆபரேஷனில் வைத்துவிடலாம், பள்ளியில் கேலி தொடங்குமுன் காது தயார். ஆனால் அது அந்நியப் பொருள். பந்து பட்டுத் தோல் கிழிந்து சட்டம் வெளியே தெரிந்தால் மறுபடி ஆபரேஷன் தியேட்டர்தான். குருத்து சொந்த உடம்பு, அடிபட்டாலும் பெரும்பாலும் ஆறிவிடும். விழுந்து புரண்டு விளையாடும் பிள்ளை என்றால் என் ஓட்டு குருத்துக்குத்தான். கண்ணாடி, மாஸ்க் மாட்ட இரண்டும் சரி. கேட்கும் திறன் இரண்டிலும் தானாக வராது, அதற்குத் தனி வைத்தியம்.