பெட்டிக்குள் பெட்டியா, கோடா?

ஆர்க்கிமேட் (ஒரு நிறுவனத்தின் அமைப்பையும் அதன் மென்பொருள்களையும் படமாக வரைவதற்கான குறியீட்டு முறை) படத்தில் ஒரு அப்ளிகேஷனின் பாகங்களைக் காட்ட, பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டிகளை அடுக்கலாம். இல்லையென்றால் வெளியே வைத்துக் கோடு போட்டு இணைக்கலாம்.

அடுக்கினால் படம் சுத்தமாக இருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு இதுவே நல்லது, இரண்டு அடுக்கு வரைக்கும். ஆனால் உள்ளே இருப்பது பிரிக்க முடியாத பாகமா, வெறும் தொகுப்பில் ஒன்றா என்பது தெரியாது. ஒரே டேட்டாபேஸை இரண்டு அப்ளிகேஷன்கள் பகிர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்: இரண்டு பெட்டியிலும் அதை வரைய வேண்டிவரும், பார்ப்பவர் இரண்டு டேட்டாபேஸ் என்றே நினைப்பார். பகிர்வு இருந்தால் கோடுதான் சரி.

கோட்டின் முனையில் நிரப்பிய டைமண்ட் என்றால் பாகம், வெற்று டைமண்ட் என்றால் தொகுப்பு, சந்தேகத்துக்கே இடமில்லை. பெட்டிகள் கூடினால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். பகிரப்படும் பெட்டியை நடுவில் வைத்து, கோடுகளைச் செங்கோணமாகத் திருப்புங்கள்.