ஜெட் வரிசைக்குள் ஒரு செஸ்னா: திருச்சிக்கு ஒரு வழி, மதுரைக்கு வேறு வழி

காரைக்குடிக்கு மேலே பறக்கும்போது திருச்சி விமான நிலையம் நேர் வடக்கே இருக்கிறது. மதுரை விமான நிலையம் மேற்கே, கொஞ்சம் தெற்கே தள்ளி. நேர்கோட்டுத் தூரம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: 42 கடல்மைல் சொச்சம், செஸ்னா 172 என்னும் ஒற்றை இஞ்சின் சிறு விமானத்தில் 25 நிமிடம். செட்டிநாட்டில் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று உண்டுதான். ஆனால் டவரோடு (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம்) பேசி இறங்க வேண்டுமென்றால் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போகவேண்டும். இரண்டிலும் கிழக்கு மேற்காக ஒரே ஓடுபாதை. ஆடிக்காற்றில் மேற்கு நோக்கி இறங்கும் 27 (திசைமானியில் 270 டிகிரி), மார்கழியில் கீழைக்காற்று அடித்தால் கிழக்கு நோக்கி இறங்கும் 09 (90 டிகிரி).

பெரிய ஜெட்டுகளின் வரிசைக்கு நடுவே இறங்கும் சிக்கல் முழுக்க வேகக் கணக்கில் இருக்கிறது. ஏர்பஸ் 320 ஜெட், ஃபைனலில் (ஓடுபாதைக்கு நேராக வந்து இறங்கும் கடைசிக் கட்டம்) 140 நாட்டை ஒட்டி வரும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்; இனி மைல் என்றால் கடல்மைல்தான். செஸ்னாவின் ஒழுங்கான வேகம் 65. ஐந்து மைல் ஃபைனலை அது 2 நிமிடம் 10 விநாடியில் முடிக்கும், உங்களுக்கு 4 நிமிடம் 37 விநாடி ஆகும். அதாவது நீங்கள் 5 மைலில் இருக்கும்போது 11 மைலில் இருக்கும் ஜெட், நீங்கள் சக்கரம் பதிக்கும் நேரத்தில் முதுகில் வந்து நிற்கும். ஆடியில் இது இன்னும் மோசம். 15 நாட் எதிர்க்காற்று ஏர்பஸ்ஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. 65-இல் 15 போனால் மிச்சம் 50, உங்கள் ஐந்து மைல் ஆறு நிமிடமாகிவிடும்.

இதைச் சமாளிக்க நடைமுறையில் நான்கு வழிகள்: ஃபைனலில் வேகத்தைப் பிடித்துக்கொண்டு வருவது, டவுன்விண்டை (ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் கட்டம்) நீட்டுவது, ஆர்பிட் (வானில் முழு வட்டம்) போட்டுக் காத்திருப்பது, ஓடுபாதையை ஒட்டியே குட்டையாகத் திரும்பி இறங்குவது.

டவுன்விண்டை நீட்டுவதை முதலிலேயே தள்ளிவிடலாம். டவர் கேட்கும் முதல் உதவி பெரும்பாலும் இதுதான், மாணவர்கள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வதும் இதைத்தான். ஆயிரம் அடியில் இஞ்சின் நின்றால் 172 சறுக்கக்கூடியது ஒன்றரை மைல். நான்கு மைல் தள்ளிப் போய்விட்டால் ஓடுபாதை கைக்கு எட்டாது. அதைவிடப் பெரிய கோளாறு உயரத்தில் இருக்கிறது. மூன்று டிகிரி சரிவில் வரும் ஜெட், நான்கு மைலில் கிட்டத்தட்ட 1,270 அடியில் இருக்கும். நீங்கள் அதே இடத்தில் 1,000 அடியில் திரும்பினால், அதன் இறக்கை நுனிச் சுழல்கள் நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வீதம் அமிழ்ந்து வரும் இடத்துக்குள் நேராகப் போய் நுழைகிறீர்கள். எல்லாம் தப்பி வந்தாலும் நீண்ட ஃபைனல், அதே 65 நாட், அதே பிரச்சினை.

ஆர்பிட் இதைவிட எவ்வளவோ மேல். விநாடிக்கு மூன்று டிகிரி வீதம் திரும்பினால் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம். 80 நாட்டில் 12, 13 டிகிரி சாய்வு போதும். ஆடியில் 20 நாட் மேல்காற்று அடித்தால் ஒரே சுற்றில் கிழக்கே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்துவிடுவீர்கள். பின்காற்று வாங்கும் பக்கத்தில் சாய்வைக் கூட்டி, எதிர்க்காற்றுப் பக்கத்தில் குறைத்தால்தான் ஒரே இடத்தில் சுற்ற முடியும். டவர் திசை சொல்லாவிட்டால் ஓடுபாதைக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்ப அனுமதி கேளுங்கள். ஃபைனலில் ஆர்பிட் போடச் சொன்னால் மட்டும் 'அனேபிள்' (முடியாது) என்று சொல்லிவிடுங்கள்: தாழ்ந்த உயரம், குறைந்த வேகம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் தகடு) முழுக்க இறங்கியிருக்கிறது, பின்னால் விமானம் வருகிறது. அங்கே கோ அரவுண்ட்தான், அதாவது இறங்காமல் மேலேறி மறுபடி சுற்றி வருவதுதான், முறை.

வேகமாக வருவதா, குட்டையாகத் திரும்புவதா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு, எந்தத் திசையிலிருந்து வருகிறோம் என்பதே விடையைச் சொல்லிவிடும்.

மதுரைக்குக் காரைக்குடியிலிருந்து திசை ஏறத்தாழ 250. ஆடியில் 27 ஓடுகிறதென்றால் மூக்கு ஏற்கெனவே ஓடுபாதையைப் பார்த்தபடிதான் இருக்கும். டவர் நேராகவே வரச் சொல்லும். இங்கே வேகமாக வருவது பொருந்தும். 172-இன் எஸ் மாடலில் 110 நாட்டுக்குள் 10 டிகிரி ஃபிளாப் இறக்கலாம். அதோடு 105-ஐப் பிடித்து, நிமிடத்துக்கு 500 அடி இறங்குங்கள். இரண்டரை மைலில் பவரைக் குறைக்கவேண்டும். சரிவில் இறங்கிக்கொண்டே 40 நாட் உதிர்க்க அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். 85-க்குக் கீழே வந்த பிறகுதான் அடுத்த ஃபிளாப். 500 அடியில், அதாவது சுமார் 1.6 மைலில், 65 நிலைத்திருக்கவேண்டும். 300 அடியில் இன்னும் 75 காட்டினால் கோ அரவுண்ட், அதில் மானப்பிரச்சினை ஒன்றுமில்லை. பத்து நாட் கூடினால் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. விமானம் தரைக்கு ஓரடி மேலே மிதந்துகொண்டே போகும். பொறுமையிழந்து அழுத்தினால் முன்சக்கரம் முதலில் அடித்துத் துள்ளும். முன்கால் வளைவதும் இஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவர் சுருங்குவதும் இப்படித்தான்.

செஸ்னா 152 என்றால் இந்த வழியில் பாதிதான் கிடைக்கும். ஃபிளாப் எல்லை முழுக்க 85 நாட்தான். கார்புரேட்டர் இஞ்சினில் பவரைக் குறைக்கும் முன்பே கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் குமிழ்) இழுங்கள். வெளியே 28 டிகிரி வெயிலடித்தாலும் காற்றில் ஈரமிருந்தால் உள்ளே பனி கட்டும்.

திருச்சிக்குத் தெற்கிலிருந்து போகிறோம். ஓடுபாதைக்குக் குறுக்கே போய்ச் சேர்கிறோம். நேர் ஃபைனலுக்காகச் சுற்றி வளைத்து வெளியே போவது வீண்வேலை. தெற்குப் பக்க டவுன்விண்டில் நுழைய அனுமதி கிடைத்தால், குட்டையாகத் திரும்புவதுதான் எங்கள் கட்சி. சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் நீண்ட ஃபைனலில் வரிசை கட்டி வரட்டும்; 65 நாட்டில் 20 டிகிரி சாய்வுக்கு உங்கள் திருப்ப ஆரம் 310 மீட்டர்தான், 140 நாட்டில் 25 டிகிரி சாய்ந்தாலும் ஜெட்டுக்கு ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். மெதுவாகப் பறப்பது அங்கே குறை, இங்கே வசதி. இறங்கும் புள்ளி இறக்கைக்கு நேரே வந்ததும் பவர் குறைத்து 70 நாட், நிமிடத்துக்கு 700 அடி. ஆயிரம் அடியிலிருந்து ஒன்றரை நிமிடத்தில் தரை. அதில் ஃபைனலை நீங்கள் அடைத்திருப்பது கடைசி அரை நிமிடம்தான்.

இதில் ஆளைக் கொல்லும் இடம் ஒன்று உண்டு. பேஸிலிருந்து (டவுன்விண்டையும் ஃபைனலையும் இணைக்கும் குறுக்குக் கட்டம்) திரும்பும்போது ஓடுபாதையைத் தாண்டிவிட்டால், சாய்வைக் கூட்டப் பயந்து ரடரால் (வால் சுக்கான்) மூக்கைத் திருப்பக் கால் தானாகப் போகும். அந்த நிலையில் ஸ்டால் ஆனால் (இறக்கை தூக்குவிசையை இழந்தால்) உள்பக்க இறக்கை விழும், மீள உயரம் இருக்காது. தாண்டிவிட்டதா? கோ அரவுண்ட். செஸ்னாவின் மேல்இறக்கை திரும்பும் பக்கத்தையே மறைக்கும் என்பதால், சாய்க்கும் முன் இறக்கையைத் தூக்கி ஃபைனலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மார்கழியில் 09 ஓடும்போது தெற்குப் பக்கச் சுற்று வலதுகைச் சுற்று. இடது இருக்கையிலிருந்து ஓடுபாதை சரியாகத் தெரியாது. அன்றைக்கு அரை மைல் கூடுதலாக எடுத்துக்கொள்வது தப்பில்லை.

ஜெட்டுக்குப் பின்னால் இறங்கும்போது, அதன் சுழல்களுக்காக, எந்த வழியானாலும் கணக்கு ஒன்றுதான். 7 டன்னுக்கு மேல், 136 டன்னுக்குள் இருப்பதெல்லாம் எடைப் பிரிவில் மீடியம். லைட்டுக்கு, அதாவது உங்கள் செஸ்னாவுக்கு, அதன் பின்னால் மூன்று நிமிடம். 23 டன் ஏடிஆர் பயணி விமானமும் இதில் சேர்த்தி, புரொபெல்லர்தானே என்று அலட்சியமாக இருக்கக்கூடாது. நீங்கள் கண்ணால் பார்த்து இறங்குகிறவர் என்றால், டவர் 'காஷன் வேக் டர்புலன்ஸ்' (சுழல் எச்சரிக்கை) என்று சொல்வதோடு சரி, இடைவெளி உங்கள் பொறுப்பு. ஜெட்டின் சரிவுக்கு மேலேயே வந்து, அது சக்கரம் பதித்த இடத்தைத் தாண்டி இறங்குங்கள். வழக்கமாக அது 400 மீட்டர் வாக்கில் தொடும். நீங்கள் 700-இல் தொட்டாலும் 172-க்கு உருண்டு நிற்க 200 மீட்டருக்குள் போதும், மிச்சம் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கிறது. வெளியேறும் வழி தள்ளியிருந்தால் ஓடுபாதையில் ஊர்ந்துபோகும் நேரமும் மிச்சம். 'ரிக்வெஸ்ட் லாங் லேண்டிங்' (தள்ளி இறங்க அனுமதி) என்று முதல் அழைப்பிலேயே கேளுங்கள், தரையை நெருங்கிய ஷார்ட் ஃபைனலில் அல்ல. முன்னால் ஜெட் கிளம்பிப் போயிருந்தால் கணக்கு தலைகீழ்: அது மூக்கைத் தூக்கிய இடத்துக்கு முன்பே இறங்கி நின்றுவிட வேண்டும். பயப்பட வேண்டியது பலத்த காற்றுக்கு அல்ல, 3 முதல் 5 நாட் குறுக்குக்காற்றுக்கு. காற்று வரும் பக்கத்துச் சுழலை அது ஓடுபாதை மேலேயே பிடித்து நிறுத்திவிடும்.

பழக இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கன்ட்ரோலிடம் சொல்லிவிட்டு, 3,000 அடியில் திருமயம் கோட்டையை நடுவில் வைத்து ஆடிக்காற்றில் ஆர்பிட் போட்டுப் பாருங்கள். பாறை மேல் வட்டமாக நிற்பதால் நகர்ந்தது உடனே தெரியும். கண்மாயை அடையாளமாக வைக்கவேண்டாம். ஐப்பசியில் பார்த்த கரை சித்திரையில் அங்கே இருக்காது. அதே உயரத்தில் 105-லிருந்து 65-க்கு எத்தனை விநாடி என்று உங்கள் விமானத்தில் கடிகாரம் பிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலிலும் விமானத்துக்கு விமானம் மாறும்.